ரேடார் ரிசீவரின் பேஸ்பேண்ட் சர்க்யூட்: முதல் முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில், வராத காட்டெருமைக்காக மூன்று இரவுகள் விழித்திருந்தேன். ரேடார் திரையில் 50 மீட்டரில் ஒரு கோடு. குளிர் ஏற ஏற அது 47, 44 என்று மெல்லக் கிட்டே வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் செடியும் பனியும்தான். மூன்றாம் நாள் வாட்ச்மேன் அண்ணன் கேட்டார்: "என்ன தம்பி, உங்க மாடு நேத்தும் இதே நேரத்துக்குத்தானே வந்துச்சு?"

அது மாடு இல்லை. என்னவென்று ஏழாம் படியில் சொல்கிறேன். அந்த மூன்று இரவுகளையும், அதற்கு முன் வீணாகப் போன இரண்டு போர்டுகளையும் நீங்கள் மிச்சப்படுத்தவே இதை எழுதுகிறேன்.

இது யாருக்கு? ஆப்-ஆம்ப் வைத்து ஒரு ஆடியோ ஆம்ப்ளிஃபயராவது செய்து பார்த்தவர்களுக்கு. 24 கிகாஹெர்ட்ஸ் மாட்யூலைக் கடையில் வாங்கிவிடலாம். ஆன்டெனா, மிக்சர் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். மிக்சரின் வெளியீட்டிலிருந்து ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) வரைக்கும் உள்ள அனலாக் பகுதிதான் பேஸ்பேண்ட். அதை நாமே செய்ய வேண்டும், பெரும்பாலான கோளாறுகளும் அங்கேதான் வரும்.

1. முதலில் காகிதம், பிறகு சாலிடரிங்

எத்தனை மீட்டரிலிருந்து எத்தனை மீட்டர் வரை பார்க்க வேண்டும்? இதற்குப் பதில் தெரியாமல் ஒரு ரெசிஸ்டர்கூட வாங்காதீர்கள்.

எஃப்எம்சிடபிள்யூ ரேடார் தன் அதிர்வெண்ணைச் சீராக ஏற்றிக்கொண்டே போகும். எதிரொலி கொஞ்சம் தாமதமாகத் திரும்புவதால், அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் ஓர் அதிர்வெண் வித்தியாசம் இருக்கும். மிக்சரிலிருந்து வருவது அந்த வித்தியாசம்தான். பொருள் தள்ளி இருந்தால் அது கூடும். கணக்கு எளிது: தூரத்தை இரண்டால் பெருக்கி, ஒளியின் வேகத்தால் வகுத்து, அதிர்வெண் ஏறும் வேகத்தால் பெருக்குங்கள்.

நான் எடுத்துக்கொண்டது 1 மில்லிசெகண்டில் 150 மெகாஹெர்ட்ஸ். இதில் ஒரு வசதி உண்டு. ஒரு மீட்டருக்குச் சரியாக 1 கிலோஹெர்ட்ஸ் வரும், பிரித்தறியும் தூரமும் 1 மீட்டர்தான். ஐந்து மீட்டரில் நிற்கும் மாடு 5 கிலோஹெர்ட்ஸ், அறுபது மீட்டரில் நிற்பது 60 கிலோஹெர்ட்ஸ். மனக்கணக்காகவே போட்டுவிடலாம். முதல் ப்ராஜெக்டுக்கு இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வலிமை. எதிரொலியின் திறன் தூரத்தின் நான்காம் அடுக்கில் குறையும். 5 மீட்டரில் இருக்கும் அதே மாடு 60 மீட்டருக்குப் போனால் சிக்னல் 43 டெசிபெல் விழும். வோல்டேஜில் சொன்னால் 144-இல் ஒரு பங்கு. ஒரு 12 பிட் ஏடிசியின் மொத்த வீச்சே ஏட்டளவில் 74 டெசிபெல்தான். அதில் பாதிக்கு மேல் தூர வித்தியாசத்துக்கே போய்விடுகிறது. இந்த 43-ஐ மறக்காதீர்கள், நான்காம் படியில் திரும்ப வரும்.

2. அனுமதி, ஆவணங்கள்

பலர் இதைக் கடைசியில் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், அதனால் ஒரு மாதம் போனது.

பேஸ்பேண்ட் போர்டு எதையும் ஒலிபரப்பாது, அதற்கு அனுமதி வேண்டாம். ஆனால் மாட்யூல் ஒரு டிரான்ஸ்மிட்டர். நம் நாட்டில் அலைவரிசை விவகாரமெல்லாம் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவின் கையில். விண்ணப்பம் சரள் சஞ்சார் இணையதளம் வழியாக. பரிசோதனை உரிமத்தில் இரண்டு வகை உண்டு: அலையை வெளியே விடுவது, விடாமல் உள்ளேயே சோதிப்பது. உங்கள் மாட்யூலின் அலைவரிசையும் திறனும் உரிம விலக்குப் பட்டியலில் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வெளிநாட்டில் தாராளமாக விற்கிறார்கள் என்பதால் இங்கேயும் செல்லும் என்று நினைக்காதீர்கள்.

கையில் தயாராக இருக்க வேண்டியவை: மாட்யூலின் டேட்டாஷீட், பிளாக் வரைபடம், அதிர்வெண்ணும் திறனும் எழுதிய ஒரு பக்கம், வைக்கப்போகும் இடத்தின் விவரம், ஆதார், பான். வெளிநாட்டிலிருந்து மாட்யூல் வாங்கினால் கஸ்டம்ஸிலும் இதே காகிதங்களைக் கேட்கலாம். தோட்டத்தில் கம்பம் நட நிர்வாகத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், வாய்ப்பேச்சு போதாது. காட்டின் எல்லைக்குள் ஓரடி வைத்தாலும் வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

ஊட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று. முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸில் வானத்தைக் கேட்கிறது. நம் 24 கிகாஹெர்ட்ஸ் அதற்கு வெகு தொலைவு, ஆனால் மைக்ரோகன்ட்ரோலரின் கிளாக் சிதறல் அப்படி இல்லை. அந்தப் பக்கம் சோதனை செய்வதாக இருந்தால் போர்டை உலோகப் பெட்டிக்குள் வையுங்கள்.

3. கசிவை அளந்த பிறகே சர்க்யூட் வரையுங்கள்

என் முதல் போர்டு செத்தது இந்த இடத்தில்தான். "சிக்னல் சின்னது, எனவே கெயினைக் கூட்டு" என்று ஆரம்பித்தேன். சிக்னல் சின்னதுதான், ஆனால் அது தனியாக வருவதில்லை. அனுப்பும் அலையின் ஒரு பங்கு நேராகவே ரிசீவருக்குள் கசிகிறது. அதன் தூரம் கிட்டத்தட்ட பூஜ்யம் என்பதால், மிக்சரிலிருந்து டிசியாகவும் மிகக் குறைந்த அதிர்வெண்ணாகவும் வெளிவரும். மாட்டின் எதிரொலி மைக்ரோவோல்ட்டில், கசிவு மில்லிவோல்ட்டில்.

எப்படி அளப்பது? மாட்யூலை வெறும் வானத்தைப் பார்த்து வையுங்கள். மிக்சர் வெளியீட்டை ஆசிலாஸ்கோப்பில் நேராக, டிசி கப்ளிங்கில் போட்டு, அதிர்வெண் ஏற்றத்தை ஓட்டுங்கள். எனக்குக் கிடைத்தது 300 மில்லிவோல்ட் டிசியும், அதன் மேல் ஒவ்வொரு மில்லிசெகண்டுக்கும் 40 மில்லிவோல்ட் உயரத்தில் ஒரு மேடும். உங்களுடையது வேறாக இருக்கும், அதனால்தான் அளக்கச் சொல்கிறேன். அந்த 40 மில்லிவோல்ட்டை, ஐந்தாம் படியில் வரப்போகும் மொத்த கெயினான 320-ஆல் பெருக்கிப் பாருங்கள். 12.8 வோல்ட்! ஐந்து வோல்ட் சப்ளையில் ஓடும் ஆப்-ஆம்ப் உச்சியில் முட்டிக்கொண்டு நிற்கும், மாடு வந்தாலும் போனாலும் அதற்குத் தெரியாது.

முதல் கட்டத்திலேயே நிரம்பி வழிந்த சிக்னலைப் பின்னால் எந்த மென்பொருளும் மீட்காது.

4. ஹைபாஸ் ஃபில்டர்: பாதி வேலை இதுதான்

கசிவு இருப்பது 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம். நமக்கு வேண்டியது 5-இலிருந்து 60 வரை. கீழே இருப்பதை வெட்டிவிடலாம் என்பது எல்லோருக்கும் தோன்றும். ஆனால் வெட்டும் இடத்தை 3 கிலோஹெர்ட்ஸில் வைக்கத் தோன்றும், அங்கேதான் தவறு. அதைத் தூக்கி 34 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள்.

பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறதா? அந்த 43 டெசிபெல்லை நினைத்துப் பாருங்கள். கிட்டே இருப்பது அதிகச் சத்தமாக, குறைந்த அதிர்வெண்ணில் வருகிறது. தள்ளி இருப்பது மெல்லிசாக, அதிக அதிர்வெண்ணில் வருகிறது. அதிர்வெண் பத்து மடங்கானால் எதிரொலி 40 டெசிபெல் இறங்கும். இரண்டாம் ஆர்டர் ஹைபாஸ் ஃபில்டரின் சரிவு பத்து மடங்குக்கு 40 டெசிபெல் ஏறும். ஒன்றை மற்றொன்று சமன் செய்துவிடும்.

1 கிலோஓம், 4.7 நானோஃபாரட். இப்படி ஒரு ஜோடியை மிக்சருக்கும் முதல் ஆப்-ஆம்புக்கும் நடுவில் வையுங்கள், இன்னொரு ஜோடியை முதல் ஆப்-ஆம்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவில். ஒவ்வொன்றின் முனையும் சுமார் 34 கிலோஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்து 5 கிலோஹெர்ட்ஸை 33 டெசிபெல் அமுக்கும், 60 கிலோஹெர்ட்ஸை இரண்டரை டெசிபெல்கூட அமுக்காது. ஆக 43-இல் 31 போய்விட்டது, மிச்சம் 12தான். 1 கிலோஹெர்ட்ஸில் இருக்கும் கசிவு மேடு 61 டெசிபெல் இறங்கிவிடும். இரண்டு ரெசிஸ்டரும் இரண்டு கெப்பாசிட்டரும் செய்யும் வேலை இது.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. மாட்யூலின் டேட்டாஷீட்டில் மிக்சர் வெளியீட்டின் உள்தடை எவ்வளவு என்று பாருங்கள். அது 1 கிலோஓமுக்குப் பக்கத்தில் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, முன்னால் ஒரு பஃபர் வேண்டும். அப்புறம், ஒவ்வொரு ஏற்றமும் முடிந்து அதிர்வெண் கீழே குதிக்கும்போது ஒரு கூர்மையான துடிப்பு ஃபில்டரைத் தாண்டி வரும். சில பத்து மைக்ரோசெகண்டில் அடங்கிவிடும். ஒவ்வொரு ஏற்றத்திலும் முதல் 60 மைக்ரோசெகண்ட் சாம்பிள்களைத் தூக்கி எறியுங்கள்.

கெப்பாசிட்டர் சி0ஜி வகையாகவே இருக்க வேண்டும். எக்ஸ்7ஆர் வகை மலிவு, ஆனால் அதைத் தட்டினால் வோல்டேஜ் வரும். மழை நாளில் தகரக் கூரைக்குக் கீழே வைத்த என் பழைய டாப்ளர் போர்டு, விடாமல் ஏதோ நடமாடுவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. பென்சிலால் ஒரு கெப்பாசிட்டரைத் தட்டினேன், திரையில் 'ஆள்' வந்தார்.

5. கெயின் எவ்வளவு, எந்த ஆப்-ஆம்ப்

கெயினுக்கு ஒரே விதி: உங்கள் சர்க்யூட்டின் சொந்த இரைச்சல் ஏடிசியின் ஒரு படிக்குச் சமமாக வரும் வரை கூட்டுங்கள், அதோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்துதான் பெரிதாகும்.

3.3 வோல்ட், 12 பிட் ஏடிசிக்கு ஒரு படி 0.8 மில்லிவோல்ட். 1 கிலோஓம் ரெசிஸ்டரின் இரைச்சல் ரூட் ஹெர்ட்ஸுக்கு 4 நானோவோல்ட். ஏடி8606 ஆப்-ஆம்பின் இரைச்சல் 8. இரைச்சலை அப்படியே கூட்டக் கூடாது, வர்க்கமாகக் கூட்டி மூலம் எடுத்தால் சுமார் 9. அலைப்பட்டை 80 கிலோஹெர்ட்ஸ் என்றால், அதன் வர்க்கமூலத்தால் பெருக்க, மொத்தம் 2.5 மைக்ரோவோல்ட். ஆகவே 320 மடங்கு போதும். 8, 8, 5 என்று மூன்று கட்டமாகப் பிரித்தேன்.

ஒரே கட்டத்தில் 320 ஏன் கூடாது? ஏடி8606-இன் கெயின்-பேண்ட்வித் 10 மெகாஹெர்ட்ஸ். 320 மடங்கு கேட்டால் அது 31 கிலோஹெர்ட்ஸிலேயே மூச்சு வாங்கும். 8 மடங்கு என்றால் 1.25 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும்.

பெட்டியில் கிடக்கிறதே என்று எல்எம்358-ஐ எடுக்காதீர்கள். 60 கிலோஹெர்ட்ஸில் 1 வோல்ட் உச்சத்துக்கு மைக்ரோசெகண்டுக்கு 0.38 வோல்ட் ஏற வேண்டும், அதன் வேகமே ஏறக்குறைய அவ்வளவுதான். என்இ5532 இரைச்சலில் அருமை, ஆனால் 5 வோல்ட் ஒற்றைச் சப்ளைக்கு ஆனதல்ல. தெரியாத கடையில் வாங்கிய ஆப்-ஆம்ப், மேலே அச்சடித்த பெயருக்குரியதாக இல்லாமல் போன அனுபவமும் எனக்கு உண்டு. பத்து ரூபாய் லாபத்துக்குப் பத்து நாள் போனது. ஐசிகளை மட்டும் அதிகாரப்பூர்வ விநியோகஸ்தரிடமே வாங்குங்கள். ரெசிஸ்டர், கனெக்டர், ஒயருக்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ பெங்களூரு எஸ்.பி. ரோடோ போதும்.

6. ஏடிசிக்கு முன்னால் லோபாஸ்

60 கிலோஹெர்ட்ஸ் வரைதானே வேண்டும், நொடிக்கு 200 கிலோசாம்பிள் போதுமே என்று கணக்குப் போட்டேன். போதாது. அந்த வேகத்தில் 140 கிலோஹெர்ட்ஸில் இருக்கும் குப்பை மடங்கி, 200-இல் 140 போக மிச்சமான 60-இல் வந்து உட்காரும். 70 கிலோஹெர்ட்ஸில் வைத்த நான்காம் ஆர்டர் பட்டர்வொர்த் ஃபில்டர் அதை வெறும் 24 டெசிபெல்தான் குறைக்கும். அதையே 500 கிலோசாம்பிளில் எடுத்து, ஃபில்டரை 80 கிலோஹெர்ட்ஸில் வைத்தால், 60-க்கு மடங்கி வருவது 440 கிலோஹெர்ட்ஸ். அது 59 டெசிபெல் அடங்கியிருக்கும். ஃபில்டரைச் சிக்கலாக்குவதைவிட சாம்பிள் வேகத்தைக் கூட்டுவது மலிவு. சாதாரண எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர் ஒன்றே இதைச் செய்துவிடும்.

சாலன்-கீ வகை ஃபில்டர் போட்டால் கடைசியில், ஏடிசி காலுக்குப் பக்கத்தில், 100 ஓம் ரெசிஸ்டரும் 1 நானோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிக உயர்ந்த அதிர்வெண்ணில் சாலன்-கீ கதவைத் திறந்துவிட்டுவிடும்.

7. பவர் சப்ளை: அந்த 50 மீட்டர் மாடு

12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 வோல்ட் எடுக்க, எல்எம்2596 போட்ட ரெடிமேட் போர்டு ஒன்றை வைத்திருந்தேன். அது 150 கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச் ஆகும். மூன்றாம் ஹார்மானிக் 450. என் சாம்பிள் வேகம் 500. வித்தியாசம் 50 கிலோஹெர்ட்ஸ், நம் கணக்கில் 50 மீட்டர்.

ஃபில்டர் இருந்ததே என்பீர்கள். இருந்தது. ஆனால் குப்பை ஃபில்டர் வழியாக வரவில்லை, ஏடிசியின் ரெஃபரன்ஸ் கால் வழியாகப் பின்வாசலில் நுழைந்தது. குளிரில் ரெகுலேட்டரின் அதிர்வெண் 1 கிலோஹெர்ட்ஸ் ஏறினால் மூன்றாம் ஹார்மானிக் 3 ஏறும், மாடு 3 மீட்டர் கிட்டே வரும். நான்காம் நாள் இரவு சந்தேகப்பட்டு, அந்த ரெகுலேட்டரை வாயருகே பிடித்துச் சூடாக ஊதினேன். திரையில் மாடு பின்வாங்கியது. வாட்ச்மேன் அண்ணன் சிரித்த சிரிப்பு எஸ்டேட் முழுக்கக் கேட்டிருக்கும்.

செய்ய வேண்டியது: ஸ்விட்சிங் ரெகுலேட்டருக்குப் பின்னால், அனலாக் பகுதிக்கும் ஏடிசி ரெஃபரன்ஸுக்கும் தனியாக ஒரு குறைந்த இரைச்சல் லீனியர் ரெகுலேட்டர். ஸ்விட்சிங் அதிர்வெண்ணின் ஒவ்வொரு மடங்கையும் எழுதி, சாம்பிள் வேகத்தோடு கழித்து, எது 5-க்கும் 60-க்கும் நடுவில் விழுகிறது என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள். ஐந்து நிமிட வேலை. ஒற்றைச் சப்ளையில் நடு வோல்டேஜை இரண்டு ரெசிஸ்டரால் மட்டும் எடுத்து விட்டுவிடாதீர்கள், கெப்பாசிட்டரும் பஃபரும் வையுங்கள்.

8. போர்டு, செலவு, நாட்கள்

வரைய கைகேட், சோதித்துப் பார்க்க எல்டிஸ்பைஸ். இரண்டும் இலவசம். நான்கு அடுக்கு போர்டு எடுங்கள், கிரவுண்ட் அடுக்கை அனலாக், டிஜிட்டல் என்று கத்தரிக்காமல் முழுசாக விடுங்கள். போர்டு செய்து தருபவர்களுக்கு அனுப்ப வேண்டியவை கெர்பர் ஃபைல்கள் (போர்டின் ஒவ்வொரு அடுக்கின் வரைபடம்), பொருள் பட்டியல், பாகங்களின் இடம் சொல்லும் ஃபைல்.

எனக்கு ஆன செலவு: ஐந்து போர்டுகள் கூரியர், வரியோடு சுமார் 4,000 ரூபாய். ஒரு போர்டுக்கான பாகங்கள் 1,500. சிக்னல் ஜெனரேட்டர் 7,000. ஆசிலாஸ்கோப் நண்பரிடம் இரவல். மாட்யூல் விலை வகைக்கு வகை மாறும், அதை முதலில் கேட்டுவிட்டு பட்ஜெட் போடுங்கள். ஒரே முறையில் சரியாக வரும் என்று நம்பாமல், போர்டு செலவை இரண்டால் பெருக்கி வையுங்கள்.

நாட்கள்: கணக்கும் சிமுலேஷனும் இரண்டு வாரம், போர்டு வர இரண்டு வாரம், பொருத்திச் சோதிக்க ஒரு வாரம். கோவை வரை வேகமாக வரும் பார்சல் மலை ஏற இன்னொரு நாள் எடுக்கும். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் அதுவும் சொல்ல முடியாது. அனுமதிக் காகிதங்களை முதல் நாளே ஆரம்பித்துவிடுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பக்கவாட்டில் ஓடட்டும்.

9. மாட்யூலை இணைக்கும் முன் சோதனை

சிக்னல் ஜெனரேட்டரை ரெசிஸ்டர் பிரிப்பான் வழியாக மில்லிவோல்ட்டுக்குக் கீழே இறக்கி உள்ளே விடுங்கள். 1, 5, 10, 20, 34, 60, 80, 150 கிலோஹெர்ட்ஸில் வெளியீட்டை எழுதி, எல்டிஸ்பைஸ் வளைவோடு ஒப்பிடுங்கள். பிறகு உள்ளீட்டைக் கிரவுண்டில் கட்டிவிட்டு ஏடிசி தரும் எண்களைப் பாருங்கள். எங்கேயாவது ஒரு கோடு தனியாக நின்றால் அது உங்கள் 'மாடு'. வீட்டிலேயே பிடித்துவிடுங்கள்.

வெளியே போனால் ஒரு மூலை எதிரொலிப்பான் வேண்டும். அலுமினியத் தகட்டில் இரண்டு பக்கம் சமமான செங்கோண முக்கோணமாக மூன்று துண்டு வெட்டி, ஒன்றுக்கொன்று செங்குத்தாக, அறையின் மூலை போல ஒட்டுங்கள். அந்தச் சமமான விளிம்பு 10 சென்டிமீட்டர் என்றால் 24 கிகாஹெர்ட்ஸில் அதன் எதிரொலிப் பரப்பு சுமார் 2.7 சதுர மீட்டர். 10, 20, 40 மீட்டரில் வைத்து அளந்தால் ஹைபாஸ் சரிவு வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும்.

தூரம் வேண்டாம், நடமாட்டம் மட்டும் போதும் என்பவர்கள் டாப்ளராக ஓட்டலாம். 24.125 கிகாஹெர்ட்ஸில் மணிக்கு 1 கிலோமீட்டருக்கு 44.7 ஹெர்ட்ஸ். ஆனால் பக்கத்தில் பழைய டியூப் லைட் எரிந்தால் அது 100 ஹெர்ட்ஸில் சிக்னலை ஆட்டும். அதாவது மணிக்கு 2.2 கிலோமீட்டர் வேகத்தில் மேய்ந்துகொண்டே போகும் ஒரு மாடு.

10. பனியில் வைப்பது

பெட்டிக்குள் ஈரம் குளிர்ந்து போர்டில் படியும். முதல் கட்டத்து ரெசிஸ்டர்களைச் சுற்றி ஃப்ளக்ஸ் மிச்சம் இருந்தால் அது ஈரத்தோடு சேர்ந்து கசிய ஆரம்பிக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் கழுவி, காயவைத்து, கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் படாமல் போர்டை மூடும் மெல்லிய பூச்சு) அடியுங்கள். வெயில் அடிக்கும் நாளில் அடியுங்கள், மேகம் உள்ளே வந்துபோகும் நாளில் ஈரத்தையும் சேர்த்து மூடிவிடுவீர்கள்.

ஆன்டெனாவுக்கு முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் மூடியில் நீர்ப்படலம் படிந்தால் கசிவு ஏறும். வீட்டில் அளந்த 40 மில்லிவோல்ட், ஈரத்துணியால் மூடியைத் துடைத்தபோது 110 ஆனது. அதனால் மூன்றாம் படியில் எடுத்த அளவை மும்மடங்காக்கி, எந்தக் கட்டமும் முட்டாமல் இருக்கிறதா என்று மறுபடி கணக்குப் போடுங்கள். மூடியைக் கொஞ்சம் முன்பக்கம் சாய்த்து வைத்து, மேலே ஒரு தகரச் சரிவும் போட்டுவிடுங்கள். நான் பழைய எண்ணெய் டின்னை வெட்டிப் போட்டிருக்கிறேன், இரண்டு மழைக்காலம் தாங்கிவிட்டது.